பங்கில்லாத குளிசை

கதிர்காமத்தம்பியும் தங்கராசாவும் இருபத்தாறு வருடமாக ஒரே தோணியில் ஆற்றுக்குப் போகிறார்கள். மண்டூர்ப் பக்கத்தில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. அது ஆறுதான். விடியும் முன்னமே தோணியைத் தள்ளினால், வெயில் ஏறி, கரையோரச் சேற்றில் நிற்கும் கண்ணாக்காட்டின் நிழல் சுருங்கும் நேரத்தில் கரைக்கு வருவார்கள். தங்கராசா பின்னால் நின்று கம்பு ஊன்றுவார். கதிர்காமத்தம்பி முன்னணியத்தில் நின்று வீச்சுவலை எறிவார்.

கரைக்கு வந்ததும் பிடிபட்டதை மணலில் கொட்டி மூன்று கும்பமாகப் பிரிப்பார்கள். ஒன்று தோணிக்கும் வலைக்கும். மற்ற இரண்டும் ஆளுக்கொன்று. பிரிப்பது கதிர்காமத்தம்பி. முதலில் எடுப்பது தங்கராசா. பிரித்தவர் முதலில் எடுப்பதில்லை. ஒரு நண்டு மிஞ்சிவிட்டால் அதையும் ஓட்டோடு இரண்டாகப் பிளப்பார்கள்.

"உங்கட மவுத்துக்கும் ஒரே நாளத்தான் குறிச்சி வெச்சிரிக்கானோ அல்லாஹ்? இல்லாட்டி அதையும் பாதியாக் கேப்பீங்களே" என்று நண்டு எடுக்க வரும் முனாப் காக்கா சிரிப்பார்.

"நீ தராச ஒழுங்காப் பிடி காக்கா. எங்கட மவுத்தப் பிறகு பாப்பம்" என்பார் தங்கராசா.

இருவரும் மச்சான்மார். கதிர்காமத்தம்பியின் மனைவி அன்னப்பூரணி, தங்கராசாவின் ஒரே தங்கை. தங்கராசாவின் மனைவி இறந்து ஆறு வருடம். அடுத்த வளவில் தனியாக இருக்கிறார். படுக்கைதான் அங்கே, சோறு தங்கை வீட்டில்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் கதிர்காமத்தம்பியின் வலது காற் பெருவிரல் சிவந்து, புழுங்கின பலாக்கொட்டை மாதிரிப் பளபளத்து வீங்கியது. சாரன் விளிம்பு பட்டாலே அலறினார். நல்லெண்ணெய் பூசினார்கள். சுளுக்கென்று உருவ வந்தவரைத் தடியால் எறிந்தார். வீச்சுவலைக்காரனுக்கு நிலை பெருவிரலில்தான். முன்னணியத்தில் ஒன்றரைச் சாண் அகலத்தில் நின்று முழு உடம்பையும் சுழற்ற வேண்டும். அந்த விரல் போனால் தொழில் போயிற்று.

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் அசிட் கூடி மூட்டில் படிந்திருக்கிறது, இதற்குப் பேர் கவுட் என்றார்கள். வீக்கத்துக்கு வேறு குளிசை, அது வற்றிய பிறகு யூரிக் அசிட்டைக் குறைக்கத் தினமும் போடுகிற குளிசை. முதல் இரண்டு மாதம் காலையில் ஒன்று. பிறகு இரத்தம் பார்த்து இரண்டு. மறுபடி பார்த்து மூன்று. இடையில் இரண்டு தரம் விரல் வீங்கியது. "குளிசை போட்டுமா?" என்று அவர் கத்தினார். தொடக்கத்தில் அப்படி வரும், தினக்குளிசையை நிற்பாட்டக் கூடாது என்று கிளினிக்கில் முன்னமே சொல்லியிருந்ததை அன்னப்பூரணி மனதில் வைத்திருந்தாள். நிற்பாட்ட விடவில்லை.

அந்த வீட்டின் மருத்துவம் முழுதும் அவள்தான். மாதம் ஒரு தரம் பாதையில் ஏறி அக்கரைக்குப் போவாள். பாதை என்பது ஆட்களையும் சைக்கிளையும் ஓட்டோவையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவை. கிளினிக் கொப்பியை நனையாமல் இரண்டு பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருப்பாள். தருகிற கடதாசி உறையில் நீலப் பேனையால் ஒரு சூரியன் கீறுவாள். மூன்று குளிசைக்கு மூன்று கதிர். கண்ணாடி இல்லாமல் கதிர்காமத்தம்பிக்கு எழுத்துத் தெரியாது, சூரியன் தெரியும். நண்டும் இறாலும் யூரிக் அசிட்டைக் கூட்டும் என்று அவற்றை விற்றுவிட்டு, வீட்டுக்கு மலிவான யப்பான் மீனில் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் வைப்பாள். "நண்டு பிடிக்கிறவன்ட வீட்டில நண்டு மணக்கல்ல" என்று தமையன் நக்கலடிப்பார். "மணந்தா உங்கட மச்சான் கத்துவார், நீங்களா வந்து காலப் பிடிக்கப் போறீங்க?" என்பாள்.

ஒன்றரை வருடத்தில் அந்த விரல் முன்னணியத்தில் பழையபடி ஊன்றி நின்றது. கரையில் இருந்தவர்கள் அவர் வலை எறிகிறதைப் பார்க்கவென்றே கொஞ்சம் நிற்பார்கள்.

மாரி வெள்ளம் வடிந்து இறால் படத் தொடங்கிய மாசியில் தங்கராசாவின் கால் வீங்கியது. அதே பெருவிரல். இடது கால். கம்பை ஊன்ற முடியாமல் தோணிக்குள் குந்தினார்.

"என்ன மச்சான், கால நீட்டிக்கிட்டு மாப்பிள மாதிரி இரிக்காய்?"

"பகிடி விடாத. உன்ட வருத்தம் எனக்கும் வந்திற்று. ஒரே தோணியில போனா இப்பிடித்தான்."

"அப்ப கிளினிக்குக்குப் போ."

"இறால் படக்கொள்ள கிளினிக்கா? போனா ரத்தமாம், சலமாம், நாலு நாள் அலையணும். ஏற்கனவே பிரசர் குளிசை தந்து, ஒண்டுக்குப் போகிற குளிசை தந்து, கிட்னியும் கொஞ்சம் பழுதெண்டு பயங்காட்டி விட்டிரிக்காங்க. இன்னும் கேக்க ஏலா."

கதிர்காமத்தம்பி வலையை உதறினார்.

"என்னட்ட கிடக்குத்தானே. நேத்துத்தான் மாசத்துக்குரிய தொண்ணூறையும் அன்னம் எடுத்திற்று வந்தவள். பாதி நீ எடு."

"ஒனக்கு?"

"எனக்கு இப்ப வலி இல்ல. ஒண்டு, ஒண்டரை போட்டாச் சமாளிப்பன்."

"நீ எத்தினை போடுற?"

"மூணு."

"அப்ப நானும் மூணு."

ஒன்றில் தொடங்கி, மாதக்கணக்கில் இரத்தம் பார்த்துப் பார்த்து மூன்றுக்கு வந்ததை அவர் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அது தன்னுடைய உடம்புக்கு அளந்த அளவு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கரைக்கு வந்ததும் உறையை இரண்டாகக் கிழித்தார். சூரியனில் பாதி இந்தத் துண்டிலும் பாதி அந்தத் துண்டிலும் போயிற்று. குளிசைகளை மணலில் விரித்த சாரனில் இரண்டு கும்பமாக்கினார். தங்கராசா முதலில் எடுத்தார்.

பதின்மூன்றாம் நாள் தங்கராசாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அடுத்த நாள் நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள். அதற்கடுத்த நாள் அது முதுகுக்கும் கைக்கும் பரந்து, முகம் ஊதி, கண் சிவந்து போனது.

வெயில் தொடங்குகிற காலம். இந்தக் காலத்தில் உடம்பில் எழும்பினால் அது அம்மாள்தான். யாரும் நோயென்று சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். மருந்து கொடுத்தால் அம்மாள் கோபிப்பா. பக்கத்து வளவுப் பொண்டுகள் படலையில் வேப்பிலை செருகினார்கள். இளநீர் வந்தது. மீன் நிறுத்தப்பட்டது. தங்கராசாவை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தினார்கள்.

கதிர்காமத்தம்பி படலைக்கு வெளியே நின்று பார்த்தார். அவருக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் எல்லாரும் அம்மாள் என்கிறபோது அதுவாகவே இருக்கட்டும் என்று அவர் மனம் ஆசைப்பட்டது. அவருடைய வலது விரலும் குறுகுறுக்கத் தொடங்கியிருந்தது.

"இஞ்சேருங்க, நீங்க குளிசை ஒழுங்காப் போடுறதானே? கால் நொண்டுறாப்போல கிடக்கு" என்றாள் அன்னப்பூரணி.

"போடுறன்கா. சேத்துக்குள்ள சிப்பி குத்திற்று."

மறுநாள் காலை தமையனுக்குக் கஞ்சி கொண்டு போனாள். அவர் வாயைத் திறக்க முடியவில்லை. உதட்டின் உட்பக்கம் முழுதும் புண். கஞ்சி பட்டதும் கண்ணீர் வழிந்தது.

"அண்ண, அம்மாள் வந்த எத்தினை பேரப் பாத்திரிக்கன். இப்பிடி வாய் வேகிறதக் காணல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாடிப்போன வேப்பிலையை மாற்றுவதற்காக அவரை ஒரு பக்கம் சாய்த்தாள். தலைமாட்டில் இருந்த வெற்றிலைப் பை சரிந்து கொட்டியது. பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கிளாசு, ஒரு கடதாசித் துண்டு. துண்டின் ஓரத்தில் நீலப் பேனையில் பாதிச் சூரியன். ஒரு கதிர் முழுதாக, இன்னொன்று கிழிந்து. உள்ளே மூன்று குளிசை மிச்சம்.

அன்னப்பூரணி அப்படியே குந்தியிருந்தாள். அவள் கீறின சூரியன்.

"எத்தினை நாளா அண்ண?"

"ரெண்டு கிழமை."

"அவர்தான் தந்தவரா?"

"அவனக் கேக்காத புள்ள" என்றார் தங்கராசா. வார்த்தை புண்ணில் பட்டுப் பட்டு வந்தது. "கிளினிக்கில தெரிஞ்சா அவன்ட மருந்துத் துண்ட வெட்டிப் போடுவாங்க. மறுகா அவனுக்குக் குளிசை இல்ல. அவன் வலை எறியக் கால் வேணும்."

அவள் எழுந்தாள். முதலில் படலைக்குப் போனாள். செருகியிருந்த வேப்பிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். பொண்டுகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னகா செய்றாய்? அம்மாளோட விளையாடாத!"

"விளையாடல்ல. தாயே, நீயில்லையெண்டா என்னில கோவிக்காத. நீதான் எண்டாலும் வா, எங்களோட ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள். வேப்பிலையைப் படலைத் தூணடியில் வைத்துவிட்டு, ஓட்டோவுக்கு ஆளனுப்பினாள்.

அந்த அரை மணித்தியாலத்தில் அவளை யாரும் மறிக்கவில்லை. மறிக்க முடியாத மாதிரி இருந்தாள். தமையனைப் பழைய பருத்திச் சேலையில் சுற்றி ஏற்றினாள். கிளினிக் கொப்பி இரண்டையும், அவருடைய பிரசர்க் குளிசைகளையும், அந்தக் கடதாசித் துண்டையும் எடுத்தாள். கணவனுக்கு அந்தத் துண்டை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு ஏறினாள். பாதை நடு ஆற்றில் போகும்போது தங்கராசா காற்றில் நடுங்கினார். அவள் காற்றுப் பக்கம் மாறி நின்று மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் இளவயது டொக்டர் ஒருவர். "என்ன குளிசை போட்டீங்க ஐயா? கடைசி ஒரு மாசத்துக்குள்ள புதுசா ஏதும்?"

"பிரசர் குளிசைதான். புதுசா ஒண்டும் இல்ல."

"பொய் சொல்றார் டொக்டர்" என்றாள் அன்னப்பூரணி. கடதாசித் துண்டை நீட்டினாள். "இது என்ட புருசன்ட யூரிக் அசிட் குளிசை. ஒரு நாளைக்கி மூணு. ரெண்டு கிழமையாப் போட்டிரிக்கார். உறையில கீறினது நான். அவர்ர மருந்துத் துண்ட வெட்டுறதெண்டா வெட்டுங்க. இவரக் காப்பாத்துங்க."

டொக்டர் உறைத் துண்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிய விதம் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. நேர்சைக் கூப்பிட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார்.

"அம்மா, நீங்க இதக் கொண்டு வந்தது பெரிய காரியம். இந்தக் குளிசை சிலபேர்ர உடம்புக்கு ஒத்துக்கொள்ளா. தோலும் வாயும் வெந்து, ஈரல், கிட்னி எல்லாத்தையும் பிடிக்கும். நிப்பாட்டினாத்தான் ஆள் தப்பும். இன்னும் ரெண்டு நாள் வேப்பிலையில கிடந்து அதையும் போட்டிருந்தா நான் ஒண்டும் சொல்ல ஏலாது. இனிச் சென்மத்துக்கும் இவர் இதத் தொடக் கூடாது."

"துண்டு?"

"ஒருத்தர்ர துண்டையும் வெட்டமாட்டம்."

தங்கராசா வாட்டில் பத்தொன்பது நாள் கிடந்தார். முதல் ஆறு நாளும் அன்னப்பூரணி கட்டிலருகே வாங்குப் பலகையில் இருந்தே உறங்கினாள். அதன் பிறகு தினமும் முதற் பாதையில் கஞ்சியோடு போய்ப் பின்னேரப் பாதையில் வந்தாள். அவருடைய தோல் உள்ளங்கையிலிருந்து கையுறை மாதிரிக் கழன்றது. அதை அவள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் தொட்டு எடுத்தாள்.

ஆஸ்பத்திரிப் பாமசியில் குளிசை கொடுக்கிற ஷஸ்னா மிஸ் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு இருத்தினாள். காத்தான்குடிப் பிள்ளை.

"உம்மா, இது வலிக்குளிசை இல்ல. வலிக்கக்கொள்ள போட்டு வலி போற சாமான் இல்ல. மெல்ல மெல்ல ரத்தத்தில இரிக்கிறதக் குறைக்கிற. அதாலதான் ஒண்டில இருந்து ஏத்திற. கிட்னி பழுதான ஆளுக்கு அதிலயும் குறைச்சித்தான் துவங்கிற. உங்கட கூடப்பிறந்த நானா ஒரேயடியா மூணு போட்டிரிக்கார். ஒண்டுக்குப் போற குளிசையும் சேந்திற்று."

"என்ட புருசன்ட கால் நல்லாகி வலை எறிஞ்சதும் இதாலதானே மிஸ்?"

"ஓம் உம்மா. இதாலதான். அவருக்கு இது நல்ல மருந்து. அவர் இப்ப போடுறாரா?"

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

அவர் போடவில்லை. தங்கராசாவைக் கொண்டு போன அன்றைக்கே மிச்சக் குளிசையை எல்லாம் ஆற்றில் எறிந்துவிட்டார். நாலாம் நாள் விரல் வீங்கியது. பத்தாம் நாள் கணுக்காலும் முழங்காலும் சேர்ந்து வீங்கின. குசினி மண் தரையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது.

"கிளினிக்குக்குப் போவம். ஓட்டோ பிடிக்கிறன்."

"வேணா."

"பின்ன என்னத்தத்தான் செய்யப் போறீங்க?"

"சந்திப் பாமசியில வலிக்கு ஒரு ஊசி போட்டு விடச் சொல்லு."

"அதுவும் கிட்னிக்குக் கூடாது, கேக்காமப் போடாதயெண்டு கொப்பியில எழுதித் தந்திரிக்கு. ஊசி போட்டு இன்னொரு ஆளையும் வாட்டில வெச்சிப் பாக்க எனக்கு ரெண்டு உடம்பு இல்ல."

"அப்ப வலிக்கட்டும்" என்றார். "என்ட கையால அவனுக்கு நஞ்சக் குடுத்தன். அத நான் மருந்தெண்டு விழுங்கவா? தொண்டைக்கால இறங்காது அன்னம்."

அவள் திட்டினாள். கும்பிட்டாள். சோறு போடாமலும் இருந்து பார்த்தாள். அவர் சோறு கேட்கவில்லை.

பங்குனி நடுப்பகுதியில் தங்கராசா வீடு வந்தார். ஓட்டோவை விட்டு இறங்கித் தன் வளவுக்குப் போகவில்லை. நேரே தங்கை வீட்டுக் குசினிக்குள் வந்து கதிர்காமத்தம்பிக்கு முன்னால் குந்தினார். புதுத் தோல் குழந்தையின் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. கழுத்தில் மட்டும் இன்னும் செதில் செதிலாக உரிந்தது. மெலிந்து பாதி ஆளாகியிருந்தார்.

கதிர்காமத்தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன மச்சான், கால நீட்டிக்கிட்டு மாப்பிள மாதிரி இரிக்காய்?"

கதிர்காமத்தம்பியின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"மன்னிச்சிரு மச்சான்."

"என்னத்த மன்னிக்கிற? நீ ஊட்டியா விட்டனீ? நான் கேட்டன், நீ தந்தாய். மடையன் ரெண்டு பேர் ஒரு தோணியில போனம், அவ்வளவுதான்." கையிலிருந்த பையை அவிழ்த்துத் தன் கிளினிக் கொப்பியை எடுத்தார். முன் மட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. "இந்தா பார். இந்தக் குளிசையின்ட பேர எழுதி, எனக்குக் கூடாதெண்டு போட்டிரிக்காங்க. எந்த டொக்டரட்டப் போனாலும் முதல்ல இதக் காட்டணுமாம். இது என்ட கொப்பி. உன்ட கொப்பியில இப்பிடி எழுதியிரிக்கா?"

"இல்ல."

"பின்ன? எனக்கு நஞ்சு. ஒனக்கு மருந்து. உன்ட பேருக்கு வந்ததுக்குப் பயந்துபோய் நீ நொண்டியாக் கிடந்தா நான் ஆரோட தொழிலுக்குப் போற? முனாப் காக்காவோடயா? அவன் தோணிக்குள்ளயும் தராசோட வருவான்."

வாசலில் நின்ற அன்னப்பூரணி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"எழும்பு. வெளியில ஓட்டோ நிக்கிது, நான் அனுப்பல்ல. கிளினிக் மூடுறதுக்குள்ள போவம்."

"நீ இப்பதானே வந்த நீ?"

"உன்னக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்த நான்."

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் படலை வரைக்கும் போனதைப் பார்த்தவர்களால், யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. தோல் உரிந்த ஆளுக்குத் தோளில் கை பட்டால் எரியும். அவர் தோளைக் கொடுத்துக்கொண்டே போனார்.

கிளினிக்கில் கதிர்காமத்தம்பி நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார். முதலில் வீக்கத்துக்குச் சின்னக் குளிசை தந்தார்கள். காலையும் பின்னேரமும் ஒவ்வொன்று, வயிற்றால் போனால் நிற்பாட்டிவிட்டு வரவேண்டும். கூட்டிப் போட்டால் கெதியாக மாறாது, ஆபத்துத்தான் வரும் என்று ஷஸ்னா மிஸ் இரண்டு தரம் சொல்லி, அவரைக் கொண்டு திருப்பியும் சொல்வித்தாள். தினக்குளிசையை விட்டு மூன்று கிழமைக்குக் கிட்ட ஆனதால் மூன்றில் தொடங்க முடியாது. பழையபடி ஒன்று. தங்கராசாவுக்கு இரத்தம் பார்த்து வேறு வழி சொன்னார்கள். ஒண்டுக்குப் போகிற குளிசையும் யூரிக் அசிட்டைக் கூட்டும் என்று அதை மாற்றினார்கள்.

பாதையில் திரும்பும்போது அன்னப்பூரணி பேனையை எடுத்து, கணவனின் உறையில் சூரியன் கீறினாள். ஒரே ஒரு கதிர்.

ஆவணி வந்தபோது அந்தச் சூரியனுக்கு இரண்டு கதிர். கோடையில் வீசும் கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. காலையில் தோணி தள்ளும் முன் அன்னப்பூரணி தண்ணீர்ச் செம்போடு கரையில் நிற்பாள். கதிர்காமத்தம்பி குளிசையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுவார். அவளுக்கல்ல, கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தங்கராசாவுக்கு.

"நாக்கத் தூக்கு" என்பார் தங்கராசா. "கள்ளன். அடியில ஒளிப்பான்."

அன்றைக்கு நல்ல மீன்பாடு. கரைக்கு வந்து மணலில் கொட்டினார்கள். கதிர்காமத்தம்பி மூன்று கும்பம் வைத்தார். மீன் சரியாக வந்தது. இறால் சரியாக வந்தது. ஒரு நண்டு மிஞ்சியது. பெரிய நண்டு, பச்சை ஓடு, கொடுக்கு இரண்டையும் விரித்துக்கொண்டு மணலில் நின்றது. முனாப் காக்கா தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். கதிர்காமத்தம்பி பழக்கத்தில் கத்தியை எடுத்தார்.

தங்கராசா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் தோல் இப்போதுதான் பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"விடு மச்சான். இனி எல்லாத்தையும் பிளக்கத் தேவல்ல."

"அப்ப ஆருக்கு?"

"அன்னத்துக்கு" என்றார் தங்கராசா.

நண்டின் கொடுக்கை ஈர்க்கால் கட்டி, முழுதாக, வீட்டுக்குப் போகிற அவளுடைய ஓலைப்பெட்டிக்குள் போட்டார்கள்.